ஒரு டம்ளர் மக்கள் கருத்து

எங்கள் ஊர் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், இந்த ஊருக்கு அந்தப் பெயர் இருக்கலாமா என்று நகராட்சி ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டுவிடும். கூட்டம் போட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அந்த வயிற்றெரிச்சலைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சாரியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துக் கொடுக்கிறவன். மிஷினில் உட்கார்ந்து தலையைத் தூக்கினால் நேர் எதிரே வெள்ளியங்கிரியின் காபிக் கடை தெரியும். தெரியும் என்று எழுதுவது தப்பு. தெரிந்தது.

வெள்ளியங்கிரியும் அவர் சம்சாரம் ராசாத்தியும் கல்யாணமான புதிதில் ஆரம்பித்த கடை அது. இடம் நகராட்சியுடையது, இவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், கண்ணாடி ஜாடியில் வர்க்கி, மேலே தகரக் கூரை. காபி நன்றாக இருக்கும். எவ்வளவு நன்றாக என்று நான் வர்ணிக்கப் போவதில்லை, இப்போது நினைத்தால் கோபம்தான் வருகிறது. அவர்களுக்குக் காடு கழனி கிடையாது, தறி கிடையாது, வெளிநாட்டில் பிள்ளை கிடையாது. அந்தக் கடைதான் சோறு.

ஒருநாள் காலை நகராட்சி ஆட்கள் வந்து கடைச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டுவதற்குப் பசை கொண்டுவர மறந்துவிட்டார்களாம். வெள்ளியங்கிரி மைதா மாவில் பசை காய்ச்சிக் கொடுத்தார். ஒட்டி முடித்துக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் நாங்கள் படித்தோம். பேருந்து நிலையத்தில் ‘கஃபே மொண்டரெல்லா’ என்ற உலகத் தரக் காபி நிலையம் அமைய இருக்கிறதாம். அதற்காக, தற்போது அந்த இடத்தில் உள்ள ‘கட்டுமானம்’ அகற்றப்படுமாம். இதுபற்றிய மக்கள் கருத்தை நகராட்சி மிகுந்த ஆவலோடு வரவேற்கிறதாம். கட்டுமானம் என்றால் எது என்று வெள்ளியங்கிரி என்னைக் கேட்டார். நீங்கள் நின்றுகொண்டிருப்பதுதான் என்றேன்.

கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒரே ஒருவர் கூட்டத்துக்கு நேரில் வந்து ஆட்சேபணையைப் பதிவு செய்தாலும் கோப்பு மறுபரிசீலனைக்குத் திருப்பப்படும். இதைப் படித்ததும் கடையே தெளிந்துவிட்டது. ஒரே ஒரு ஆட்சேபணை போதும். ஊரில் இத்தனை பேர் இருக்கிறோம், ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டோமா? ஆட்டோ ஸ்டாண்டு மாதையன், தான் பேசுகிற பேச்சில் கோப்பு ஓடிப்போய்க் காவிரியில் விழும் என்றான்.

எங்களுக்கு எங்களையே தெரியவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மேற்கொண்டு கதை விளங்கும். ஒருவர் கையால் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே குறை சொல்வது எங்களால் ஆகாது. பாயசத்தில் உப்பைக் கொட்டி வைத்திருந்தாலும் ‘நல்லா இருக்குதுங்க’ என்று சொல்லிவிட்டு, வண்டியேறி ஊர் எல்லை தாண்டினபிறகுதான் சம்சாரத்திடம் வாயைத் திறப்போம். வேண்டாம் என்றுகூடச் சொல்ல மாட்டோம். ‘இப்பத்தானுங்க குடிச்சேன்’ என்போம். அவர்களும் விடாமல் ஊற்றுவார்கள், நாமும் குடித்துவிட்டு நல்லா இருக்குதுங்க என்போம். இது மரியாதையா, கோழைத்தனமா என்று யாரும் இதுவரை கருத்துக் கேட்டதில்லை.

கூட்டத்துக்கு முன்னால் கணக்கெடுப்பு நடந்தது. கழுத்தில் அட்டை மாட்டிய இரண்டு பேர் வந்து வெள்ளியங்கிரியின் பெஞ்சிலேயே உட்கார்ந்து, வெள்ளியங்கிரியின் காபியையே குடித்துக்கொண்டு, ‘உங்கள் ஊரில் காபி குடிக்க இடம் இருக்கிறதா?’ என்று அவரையே கேட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு, இதுதானுங்களே என்றார். அவர்கள் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். நான் சாலையைத் தாண்டி ஓடிப்போய்ச் சண்டை பிடித்தேன். குளிர்சாதனமும் வைஃபையும் இல்லாத இடம் விதிப்படி காபி நிலையம் ஆகாது, அது காபி கிடைக்கிற இடம் மட்டுமே என்று பொறுமையாக விளக்கினார்கள். விளக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்காக ஒரு காபி கேட்டார்கள்.

அடுத்து, கருத்துச் சொல்லும் முறை பற்றிப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். கருத்து ஒரே வாக்கியத்தில் இருக்க வேண்டும். ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு கருத்துதான். அதிலும் மிக முக்கியமான விதி, அந்தக் காபியைக் குடித்துப் பார்க்காமல் யாரும் கருத்துச் சொல்லக் கூடாது. குடிக்காமல் சொல்வது முன்முடிவாம். குடிப்பதற்குக் கூட்டத்திலேயே இலவசமாக ஏற்பாடு செய்வார்களாம். நியாயமான விதி என்று நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இப்போது நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ராசாத்தி புருசனுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். மத்தியானம் வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் என்னை அதிகாரியாக பெஞ்சில் உட்கார வைப்பார். நான் மிடுக்காக, ஆட்சேபணை உண்டா என்று கேட்க வேண்டும். வெள்ளியங்கிரி, இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. மனுசனுக்கு வாய் வரவில்லை. முதலில் சிரிப்பார். அப்புறம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மேசையைத் துடைப்பார். அப்புறம், ஏதாச்சும் குடிக்கறீங்களா என்று என்னைக் கேட்பார்.

“ஆட்சேபணைங்கறது நெம்பக் கடுசான வார்த்தையா இருக்குதுங்களே,” என்றார் ஒருநாள். “வேற மெத்துனு ஒண்ணு இல்லீங்களா?”

ராசாத்திக்கு வந்ததே ஆத்திரம். “மெத்துனு சொன்னீன்னா மெத்துனு இடிப்பாங்க. நாஞ் சொல்லீருவேன், ஆனா அட்டையில உம் பேருதான மொதல்ல கெடக்குது.”

குடும்பத் தலைவர்தான் பேச வேண்டும் என்று முகாமில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாள் பேசியிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும். முடிந்துவிடக் கூடாது என்றுதான் விதியே போட்டார்களோ என்னவோ.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலில் சந்தனம், கல்கண்டு. ஓர் ஓரமாகப் பளபளவென்று காபி இயந்திரம், பக்கத்தில் ‘கஃபே மொண்டரெல்லா’ என்று எழுதின சட்டையோடு அபிநயா என்ற பெண். பவானிப் பக்கத்துப் பிள்ளை, வாய் நிறைய அண்ணா, மாமா என்று கூப்பிட்டது. மேடையில் நகராட்சியின் கருத்துக் கேட்பு அலுவலர் தீனதயாளன். சென்னையிலிருந்து இதற்காகவே வந்தவர். அவர் பக்கத்தில் கம்பெனியின் மண்டல மேலாளர் ஈஸ்வர்.

தீனதயாளன் மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த பொதுமக்களே, முடிவு எடுப்பது மிகப் பெரிய பாரம். அந்தப் பாரத்தை உங்கள் தலையில் ஏற்ற எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே அதை நாங்கள் முன்கூட்டியே எடுத்து முடித்துவிட்டோம். உங்களிடம் கேட்பது கருத்து மட்டும்தான். கருத்துச் சொல்வது உங்கள் உரிமை, அதில் நாங்கள் ஒருபோதும் தலையிட மாட்டோம். அதேபோல எங்கள் முடிவில் உங்கள் கருத்தும் தலையிடாது என்று நம்புகிறேன். ஆட்சேபணை தெரிவிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை நாங்கள் நீக்கவில்லை. ஏன் நீக்க வேண்டும்? இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தியதே இல்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். மைக்கில் ஒருவர் பேசி முடித்தால் தட்டுவதுதானே முறை.

அடுத்து ஈஸ்வர். “நாங்க பல ஊர்ல மார்க்கெட் ரிசர்ச் பண்ணியிருக்கோம். சில ஊர்ல காபி வாயில பட்டதும் முகத்துக்கு நேரா நல்லா இல்லைன்னு சொல்லிடறாங்க. அங்கெல்லாம் பிசினஸ் ரொம்பக் கஷ்டம். உங்க பக்கம் அப்படி இல்லை. இங்க இல்லைங்கற பதிலே இல்லை. உங்க பண்பாட்டை எங்க கம்பெனி மதிக்குது, அந்தப் பண்பாட்டை நம்பித்தான் முதலீடே பண்றோம்.”

நம் பண்பாட்டைப் புகழ்ந்துவிட்டார் என்று அதற்கும் தட்டினார்கள். நான் தட்டவில்லை.

முதலில் நான்தான் போனேன். காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னாலேயே என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வார்டு எல்லை சாலையின் நடுக்கோட்டில் போகிறதாம். நான் எதிர்ச் சாரி, ஆகவே வேறு வார்டு. எங்கள் வார்டில் இப்படி ஏதாவது இடிக்கும்போது என் கருத்தை அவசியம் கேட்பதாகத் தீனதயாளன் வாக்குக் கொடுத்தார்.

அடுத்து மாதையன் போனான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு போன போக்கைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அபிநயா இரண்டு கையாலும் குவளையை நீட்டி, “குடிச்சுப் பாருங்கண்ணா, எப்படி இருக்குதுங்க?” என்றாள். குடித்தான். முகம் கோணியது, சமாளித்தான். மைக்கைப் பிடித்து, “காப்பி நல்லா இருக்குதுங்க, ஆனா…” என்றான். தீனதயாளன் மணியடித்தார். ஆனாவில் இரண்டாவது வாக்கியம் தொடங்குகிறது, ஒரு வாக்கியம்தான் அனுமதி, வரவேற்பு பதிவாகிவிட்டது, நன்றி. மாதையன் இறங்கினபோது அந்தப் பெண்ணிடம் குவளையை மறக்காமல் திருப்பிக் கொடுத்தான்.

அப்புறம் வரிசையாக ஆட்கள் போனார்கள். வர்க்கி சப்ளை செய்கிறவர் போனார், நல்லா இருக்குதுங்க. பேப்பர் போடுகிறவர், நல்லா இருக்குதுங்க. கடைக்குப் பால் ஊற்றுகிறவர், ராசாத்தியின் சொந்த அண்ணன், இந்தக் கடை போனால் தானும் நஷ்டப்படுகிறவர், வாய் நிறையக் கசப்பை வைத்துக்கொண்டு, “அருமைங்க” என்றார். ராசாத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரே ஒருத்தி மட்டும் மனசில் இருந்ததைச் சொன்னாள். நாமக்கல் காலேஜுக்குப் போகிற ரஞ்சிதா. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, காபி சுமார்தான் என்று வெட்டென்று சொன்னாள். மண்டபமே நிமிர்ந்தது. “ஆனா பஸ்ஸுக்கு நிக்கற பொண்ணுங்க உக்காந்து குடிக்க இந்த ஊர்ல ஒரு கடை இல்லீங்க. பெஞ்சு பூரா ஆம்பளைங்க. நாங்க போய் நின்னா கண்ணெடுக்காமப் பாக்கறாங்க. எனக்கு அந்தக் கடை வேணுமுங்க.” அவளிடம் மட்டும் தீனதயாளன் குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்கவில்லை, மணியும் அடிக்கவில்லை. எத்தனை வாக்கியம் வேண்டுமானாலும் பேசச் சொன்னார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எங்களுக்கு வலித்தது. இத்தனை வருசத்தில் ஒருத்தர் எழுந்து அந்தப் பிள்ளைகளுக்குப் பெஞ்சில் இடம் விட்டிருந்தோமா? வெள்ளியங்கிரி தலையை ஆட்டி, “அம்மணி சொல்றது நெசந்தானுங்க,” என்று என்னிடம் முணுமுணுத்தார். நல்ல வேளை மைக்கில் விழவில்லை.

கடைசியில் வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டார்கள். அதுவரை ஆட்சேபணை ஒன்றுகூடப் பதிவாகவில்லை. எல்லோருக்கும் தெரியும், இனி இவர் ஒருவர்தான். கடை இருப்பதும் போவதும் இவர் வாயில் இருக்கிறது. ராசாத்தி எழுந்து நின்று, பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வார்த்தையைத் தன் வாயாலேயே சத்தமில்லாமல் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அபிநயா குவளையை நீட்டினாள். காலையிலிருந்து அந்தப் பிள்ளை நின்றுகொண்டே இருந்தது. இயந்திரத்தின் ஆவிக்குழாய் பட்டுப் புறங்கையில் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. மேடையிலிருந்து ஈஸ்வர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரி அந்தக் கையைப் பார்த்தார். காபிக் கடைக்காரர்தானே, அவருக்கும் அந்த இடத்தில் பழைய தழும்பு உண்டு. குவளையை வாங்கி ஒரு வாய் குடித்தார். கொட்டையைக் கருக வறுத்திருந்தார்கள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார், பால் வேறு சரியாகக் காயவில்லையாம். அந்தப் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது.

“எப்படி இருக்குதுங்க மாமா?”

வெள்ளியங்கிரி வாழ்நாள் முழுக்க காபி கொடுக்கிற பக்கம் நின்று மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். முதல் வாய்க்கு முகம் சுளிக்கிற ஆளை எத்தனை பேரைப் பார்த்திருப்பார்.

“நல்லா இருக்குது சாமி,” என்றார். “கைக்கு மொதல்ல மருந்து போடு.”

முதல் வாக்கியம் பதிவானது. இரண்டாவதற்கு மணியடித்தார்கள்.

ராசாத்தி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தீனதயாளன் எழுந்து வந்து வெள்ளியங்கிரிக்குப் பொன்னாடை போர்த்தினார். பாதிக்கப்படுவதாகச் சொல்லப்பட்டவரே முன்வந்து வரவேற்றது மக்களாட்சியின் மகத்தான தருணம் என்று பேசினார். ஈஸ்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் எடுத்தார்கள். படத்தில் வெள்ளியங்கிரி, தான் சொல்ல வந்தது ஏதோ பாக்கி இருப்பதுபோல் வாயை லேசாகத் திறந்துகொண்டு நிற்கிறார்.

வெளியே வந்தபிறகு நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு எப்புடீங்க சொல்றது?” என்றார்.

அந்த வாரமே இடித்தார்கள். பாய்லரை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். வெள்ளியங்கிரி கொஞ்ச நாள் ஒரு தள்ளுவண்டியில் போட்டுப் பார்த்தார். உலகத் தரக் காபி நிலையத்தின் எதிரே தரமற்ற காபி விற்பது மக்கள் கருத்துக்கு எதிரானது என்று வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். திருப்பிக் கேட்கப் போனவரை வண்டி வேண்டுமா என்று ஒரு கருத்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதன்பிறகு அவர் போகவில்லை. இப்போது லாரி பாடி கட்டும் பட்டறையில் வாட்ச்மேன். ராசாத்தி ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்குக் கிழங்குத் தோல் உரிக்கப் போகிறார். மழையில் ஒழுகுகிற ஒரு லைன் வீட்டில் இருக்கிறார்கள். தார்ப்பாய் ஒன்று நான்தான் தைத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

கஃபே திறந்தது. கண்ணாடிக்குள்ளே ஜிலுஜிலுவென்று இருக்கிறது. எங்கள் ஊர் ஆட்கள் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அபிநயாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ரஞ்சிதா ஒருநாள் உள்ளே போய் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு வந்து, பஸ்ஸுக்குப் பழையபடி வெளியில்தான் நிற்கிறாள். பார்க்கிற ஆட்கள் மட்டும் பெஞ்சு இல்லாததால் நின்றுகொண்டு பார்க்கிறார்கள்.

போன மாதம் தீனதயாளன் என் கடைக்கு வந்தார். நகராட்சிக்கு மக்கள் பங்கேற்புக்காக விருது கிடைக்கப் போகிறதாம். அதற்குப் பயனாளிகளின் திருப்தியை நேரில் போய்ப் பதிவு செய்ய வேண்டுமாம். பயனாளி யார் என்றேன். வெள்ளியங்கிரி என்றார். அவர் வீட்டுக்கு வழி காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்ற கோபத்தில்தான் போனேன்.

வீட்டுக்கு வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? ராசாத்தி உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். தீனதயாளன் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

“இந்த ஊருக்கு வந்ததிலேருந்து இப்படி ஒரு காபி நான் குடிச்சதே இல்லை,” என்றார்.

அந்தக் கஃபேக்குப் போவதில்லையா என்று நான் கேட்டேன்.

“அது மக்கள் விரும்பிக் கேட்டது. எனக்கு ஒத்துக்கறதில்லை, நெஞ்சு எரியுது.” வெள்ளியங்கிரியின் பக்கம் திரும்பினார். “ஏங்க, இவ்வளவு நல்லாப் போடறீங்களே, பஸ் ஸ்டாண்டுப் பக்கமா சின்னதா ஒரு கடை போடக் கூடாதா? ஊருக்கே உபகாரமா இருக்குமே.”

வெள்ளியங்கிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடை இருந்துதுங்க,” என்றார் ராசாத்தி. “நீங்கதானுங்க இடிச்சீங்க.”

தீனதயாளனுக்குக் கொஞ்சமும் சங்கடமில்லை. பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி கனிவாகச் சிரித்தார். “நாங்க எங்கம்மா இடிச்சோம்? எல்லார்கிட்டயும் கேட்டுத்தானே செஞ்சோம். உங்க வீட்டுக்காரரே எல்லார் முன்னாடியும் வரவேற்றாரே.” கையிலிருந்த படிவத்தில் திருப்தி என்ற இடத்தில் குறித்துக்கொண்டு பேனாவைச் சட்டைப்பையில் சொருகினார். அப்புறம் காலி டம்ளரை நீட்டி, இன்னொரு அரை டம்ளர் கிடைக்குமா என்று கேட்டார்.

ராசாத்தி டம்ளரையும் அந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். இன்றைக்காவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“சக்கரை இதே அளவு போதுங்களா?” என்று கேட்டுவிட்டு, டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.